பல்லைத் தீட்டலாம்; முரசைத் தீட்டலாமா?

எங்கள் வாழைச்சேனைப் பக்கத்தில் பல்லைத் தீட்டுவோம். ஈற்றை முரசு என்போம். காலையில் கிணற்றடியில் பிள்ளை பிரஷோடு நின்றால், "நல்லா அழுத்தித் தீட்டு மனே" என்று உள்ளிருந்து அம்மம்மாவின் குரல் வரும். கத்திக்கும் பல்லுக்கும் ஒரே சொல் இருப்பதாலோ என்னவோ, கையும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறது. தீட்டத் தீட்டக் கத்தி கூராகும். முரசோ கரைந்துபோகும்.

முரசு ஏன் கரைகிறது என்பதை உலகம் அறிந்துகொண்டதில் நம் நாட்டுக்கும் பெரிய பங்குண்டு. நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 1969இல் ஒஸ்லோவில் 565 ஆண்களின் வாய்களைப் பரிசோதித்தார்கள். அவர்கள் படித்தவர்கள்; சிறு வயது முதல் ஒழுங்காகப் பல் தீட்டி, பல் வைத்தியரிடம் போய் வந்தவர்கள். அடுத்த ஆண்டு அதே குழு இலங்கையின் மலைநாட்டுக்கு வந்து, தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. இவர்கள் பிரஷையே தொட்டறியாதவர்கள். 1985 வரை இவர்களைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள்.

தோட்டத் தொழிலாளர்களின் வாயில் சூத்தைப் பல் இல்லையென்றே சொல்லலாம். ஆனாலும் பல் விழுந்தது. பல்லைத் தாங்கும் முரசும் எலும்பும் 100இல் 8 பேருக்கு வேகமாக அழிந்தன. 45 வயதில் அவர்களின் வாயில் அநேகமாகப் பல்லே மிஞ்சவில்லை. 81 பேருக்கு அழிவு மெதுவாக நடந்தது. 11 பேருக்கு மட்டும் வெறும் முரசு வீக்கத்தோடு நின்றுகொண்டது.

ஒஸ்லோக்காரர்களுக்கு முரசு கரையவே இல்லையா? கரைந்தது. 20 வயதுக்குள்ளேயே 100இல் 60 பேருக்கு மேல் ஏதோ ஓரிடத்திலாவது முரசு கீழிறங்கியிருந்தது. ஆனால் அது இறங்கிய இடம் வேறு. தோட்டத்தில் பல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும் கரைந்தது. ஒஸ்லோவில் பெரும்பாலும் கன்னத்தைப் பார்த்த பக்கம் மட்டும். பிரஷ் பலமாகப் போய் உரசுவது அந்தப் பக்கத்தில்தான். தீட்டாதவரின் முரசை அழுக்கு தின்றது. தீட்டியவரின் முரசில் பிரஷின் கைவரிசையும் இருந்தது.

இத்தனைக்கும் அகற்ற வேண்டிய அழுக்கு அப்படி ஒன்றும் பிடிவாதமானதல்ல. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்படும். அது கிருமிகள் கட்டிய கூடு. நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். பல நாள் விட்டால்தான் சுண்ணாம்பேறிக் காறையாக இறுகும். இறுகிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிரஷுக்கு அது அசையாது. பல் வைத்தியர்தான் எடுக்க வேண்டும். ஆக, அழுத்தம் எந்த இடத்திலும் உதவுவதில்லை.

அழுத்தினால் நட்டம் மட்டும் உண்டு. பல்லின் தலைக்கு எனாமல் என்ற கவசம் இருக்கிறது. உடம்பிலேயே கடினமான பொருள் அது. ஆனால் கவசம் பல்லின் கழுத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேரை மூடியிருப்பது முரசு. முரசு இறங்கினால் மிருதுவான வேர் வெளியே தெரியும். ஐஸ் தண்ணி பட்டதும் சுரீர் என்று கூசுவது அங்கேதான். பல் தீட்ட எடுக்கும் உமிக்கரியும் செங்கல் தூளும் அந்த வேரை அரம்போல அராவிவிடும்.

சரியான முறையை 1940களில் அமெரிக்க மருத்துவர் சார்ள்ஸ் பாஸ் விளக்கினார். மென்மையான நார் உள்ள பிரஷை, பேனா பிடிப்பதுபோல விரல் நுனிகளால் பிடியுங்கள். பல்லும் முரசும் சேருமிடத்தில் 45 பாகை சாய்வாக வையுங்கள். நார் நுனி இடம் பெயராதபடி சின்னச் சின்னதாக அசைத்து, இரண்டு மூன்று பல்லாக நகருங்கள். முழு வாய்க்கும் இரண்டு நிமிடம், காலையும் படுக்கப் போகுமுன்னும்.

தீட்டும்போது முரசில் இரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. 1965இல் டென்மார்க்கில் இதே லோ 12 பேரைப் பல் தீட்டாமல் இருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. மறுபடி தீட்டத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் ஆறிவிட்டது. இரத்தம் கசியும் இடத்தைத்தான் மெதுவாக, ஆனால் தவறாமல் சுத்தப்படுத்த வேண்டும். இரண்டு வாரமாகியும் நிற்காவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்றிரவு உங்கள் பிரஷைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாங்கி ஒரு மாதத்திலேயே நார்கள் மிதிபட்ட புல்லாக இரு பக்கமும் சாய்ந்து கிடந்தால், உங்கள் கை அழுத்துகிறது என்று பொருள். புதுப் பிரஷ் கடையில் கிடைக்கும். கரைந்த முரசு தானாகத் திரும்ப வளராது.