வேரைத் தேடுவோம், சொல்லை அறிவோம்!



ஆங்கிலச் சொற்களை நாம் எப்படிப் படிக்கிறோம்? சொல்லை ஒருபுறமும் பொருளை மறுபுறமும் எழுதி, காலையும் மாலையும் உருப்போடுகிறோம். தேர்வு முடிந்த மறுநாளே அவை பறந்துவிடுகின்றன. நானும் அப்படித்தான் படித்தேன். காலாண்டுத் தேர்வில் பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாமல் விழித்த பிறகு, ஆங்கிலம் என்றாலே எனக்கு நடுக்கம். அந்த நடுக்கத்தைப் போக்கியவர், ஆங்கிலமே அறியாத என் பாட்டி!

ஒருநாள் மாலை, "க்ரெடிட், க்ரீட், இன்க்ரெடிபிள்" என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். செபமாலை முடித்த பாட்டி, "இதென்னடி, சின்ன வயதில் நாங்கள் பூசையில் பாடிய 'க்ரேதோ' மாதிரியே இருக்கிறதே!" என்றார்கள். அக்காலத்தில் திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தத்தால்தான் அது தமிழில் நடைபெறலாயிற்று.

மறுநாள் ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டரிடம் கேட்டேன். 'க்ரேதோ' என்றால் 'விசுவசிக்கிறேன்', அதாவது 'நம்புகிறேன்' என்று பொருளாம். அந்த ஒரு வேரில்தான் எத்தனை கிளைகள்! நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணம் 'க்ரீட்'. மளிகைக்கடைக்காரர் நம்மை நம்பிக் கொடுக்கும் கடன் 'க்ரெடிட்'. நம்பத்தகுந்தது 'க்ரெடிபிள்'. அதன் முன்னே 'இன்' சேர்ந்தால் எதிர்மறையாகி, 'இன்க்ரெடிபிள்' ஆகிறது. வேர் தெரிந்தபின் இந்த நான்கு சொற்களும் எனக்கு மறக்கவேயில்லை.

ஆனால் வேர் மட்டும் போதாது. தீயில் சிக்கிய குழந்தையை மீட்ட ஒரு தாயின் கதையை மொழிபெயர்த்தபோது, அவளுடைய 'இன்க்ரெடிபிள்' துணிவை 'நம்பத்தகாத துணிவு' என்று எழுதிவிட்டேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "அந்தத் தாயைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாயே! முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்தாயா?" என்று கேட்டு, 'நம்புதற்கரிய துணிவு' எனத் திருத்தினார்கள்.

சொற்களின் பொருள் காலப்போக்கில் மாறுவதும் உண்டு. இலத்தீனில் 'மானுஸ்' என்றால் கை. 'மேனுஸ்கிரிப்ட்' என்பது கையால் எழுதிய படி. 'மேனுஃபேக்சர்' என்பதும் முதலில் கையால் செய்வதையே குறித்தது. இன்றோ ஆலையில் இயந்திரம் செய்வதற்கும் அதே சொல்தான்! ஆகவே, வேர் பொருளுக்கு வழிகாட்டும். சொல் நிற்கும் இடமே பொருளை உறுதிசெய்யும்.

இப்போது என் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு செய்திகளை எழுதுகிறேன்: சொல், அதன் வேர், அதன் உறவுச் சொற்கள், நான் அதைச் சந்தித்த வாக்கியம். நாளொன்றுக்கு இரண்டே சொற்கள். அவற்றை இரவில் பாட்டியிடம் சொல்லிக் காட்டுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட பாட்டி, "எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியுமாக்கும்!" என்று அண்டைவீட்டாரிடம் பெருமையடித்துக்கொள்கிறார்கள்.

தோழியரே, நீங்களும் இன்றே ஒரு சொல்லின் வேரைத் தேடிப் பாருங்களேன்! அது உங்கள் வீட்டிலேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

— பத்தாம் வகுப்பு மாணவி