உங்களுக்குத் தெரியுமா? நியூட்ரலில் நிற்கும் காருக்குத் தனி வரம்பு!

சாலையில் நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு மேல் சுழலும் எஞ்சின், நியூட்ரலில் நிற்கும்போது 4,000-ஐ ஒட்டியே தேங்கிவிடுவதைப் பல புதிய கார்களில் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் ஏறாது. இது கோளாறு அல்ல. வண்டியின் கணினிதான் காற்றையோ எரிபொருளையோ குறைத்துவிடுகிறது.

கியர் போடாத எஞ்சினுக்கு இழுக்க வேண்டிய பாரம் ஏதுமில்லை. கண் இமைப்பதற்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். ஜப்பானின் லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரில் எஞ்சின் வெறும் 0.6 நொடியில் 9,000 சுற்றை எட்டும். முள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதால்தான் அதற்கு டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். எவ்வளவு அழகான காரணம்!

இப்படிச் சட்டென்று உச்சத்தைத் தொடுவது எஞ்சினுக்கு நல்லதல்ல என்பதால்தான் இந்த வரம்பு. சுற்று இரட்டித்தால், பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு மீதான இழுவிசை நான்கு மடங்காகும். ஆயில் சூடேறாத அதிகாலையில் வண்டியை உறுமவிடுவது பேரிங்குகளுக்குப் பெருங்கொடுமை.

ஆனால் வேகமாக ஓடும் காரை ஐந்தாவது கியரிலிருந்து தவறுதலாக இரண்டாவதில் போட்டுவிட்டால் எந்த வரம்பும் காப்பாற்றாது. அப்போது எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் அல்ல, சக்கரங்கள்.