கைதியின் கையில் ஒரு பேனா... என்ன செய்துவிடும்?

1930 ஏப்ரல். வேதாரண்யத்தில் உப்பு அள்ளத் திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியும் தொண்டர்களும் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் நடந்துபோனார்கள். ‘அவர்களுக்குச் சோறு போட்டாலே சிறை’ என்று மிரட்டியிருந்தார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். உப்பு அள்ளிய ராஜாஜி, ஏப்ரல் 30-ம் தேதி கைதானார்.

சிறை அவருக்குப் புதிதல்ல. 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனபோதே அங்கு டைரி எழுதியவர் அவர். உள்ளே சாப்பாடு எப்படி, கைதிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை வெளியில் இருந்தவர்கள் அந்த டைரியைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

‘தலைவர்கள் எழுதினார்கள், சரி. சாதாரணக் கைதி எழுதி என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கலாம்.

திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்தவர் சுனில் பத்ரா. சக கைதி ஒருவரை வார்டர் சித்ரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. மாவட்ட நீதிபதிகள் சிறைகளுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கைதிகளுக்குப் புகார்ப்பெட்டி வைக்க வேண்டும் என 1979 டிசம்பரில் தீர்ப்பு எழுதினார் நீதிபதி கிருஷ்ணய்யர்.

தமிழகத்திலும் உதாரணம் உண்டு. நக்சல்பாரி இயக்கத்தில் சேர்ந்து மரண தண்டனை பெற்ற தியாகு, சிறையில் இருந்தபடியே மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைத் தமிழாக்கினார். தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டு, பிறகு விடுதலையானார். அவர் எழுதிய ‘சுவருக்குள் சித்திரங்கள்’ சிறை வாழ்க்கையை வாசகர்களின் வீட்டுக்கே கொண்டுவந்தது.

‘குற்றவாளிக்கு எதற்கு இதெல்லாம்?’ என்ற கோபமும் வரலாம். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர். அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூன்று பேர் மீதான குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை.

முதல்முறை வழக்கில் சிக்கியவர், அதற்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை ஜாமீனில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். மரணம், ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. விண்ணப்பிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத கைதிக்குத் தன் நாள் கணக்கை யார் சொல்வது?

2023 சென்னைப் புத்தகக் காட்சியில் ‘கூண்டுக்குள் வானம்’ என்று அரங்கு அமைத்து, கைதிகளுக்காகப் புத்தகங்களைத் தானமாகப் பெற்றது சிறைத்துறை. நல்ல தொடக்கம். படிக்கப் புத்தகம் கிடைத்தவருக்கு அடுத்து வேண்டியது ஒரு நோட்டு, ஒரு பேனா, வாரம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர்.

என்ன நடந்தது, எப்போது, யார் யார் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வதுதான் கதை எழுதுவதற்கு முதல் பாடம். ஜாமீன் மனுவுக்கும் அதுவேதான்.