திருச்சி வெயிலைத் தாங்கும் ரோஜா

நர்சரியில் பூவின் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கி வரும் ஒட்டு ரோஜா, திருச்சியின் கத்திரி வெயிலைத் தாண்டுவது அபூர்வம். மேலே ஒட்டிய ரகம் கருகிப்போகும். கீழே வேர் கொடுத்த செடி மட்டும் தழைத்து நிற்கும். அதற்கே மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிப் பூவுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு.

செடியோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்களுக்கு எட்வர்ட் ரோஜாதான் சரி. தமிழ்நாட்டில் மாலைக்கும் உதிரிப்பூவுக்கும் நெடுங்காலமாகப் பயிராவது. பலர் பன்னீர் ரோஜா என்று சொல்வதும் இதைத்தான். பிறந்தது இந்துமாக்கடலின் ரீயூனியன் தீவில். அப்போது அதன் பெயர் போர்பன் தீவு. அங்கே சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் வேலியாக நெருக்கி நட்டிருந்தார்கள். 1820-க்குச் சற்று முன்பு, இரண்டும் தாமாகக் கலந்து பிறந்த கன்று கண்ணில் பட்டது. வாசனை டமாஸ்க் தந்தது. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன ரோஜா வழி வந்தது. பழைய ஐரோப்பிய ரோஜாக்களில் ஒரு பருவத்தோடு பூப்பை நிறுத்திவிடும் மரபணு ஒன்று உண்டு; சீன ரோஜாவில் அது பழுதாகிவிட்டது. அந்தப் பழுதுதான் நமக்கு லாபம்.

இதற்கு ஒட்டு தேவையில்லை. பென்சில் கனத்தில் முற்றிய குச்சியை ஊன்றினால் வேர் பிடிக்கும். மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து துளிர்ப்பது அதே ரோஜா.

ஸ்ரீரங்கத்தில் காவிரியும் கொள்ளிடமும் சேர்த்த வண்டல் இருக்கிறது, கவலையில்லை. நாவலூர் குட்டப்பட்டுப் பக்கம் களர் நிலம். அங்குள்ள வேளாண் கல்லூரி களரைத் தாங்கும் நெல் ரகங்களைத் தந்திருக்கிறது. ரோஜாவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. களரில் சோடியம் மிகுந்து, களித்துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். வேர் மூச்சுத் திணறும். ஜிப்சம் இட்டால் அதன் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும், ஆனால் நல்ல தண்ணீர் விட்டு அதை வடித்தாக வேண்டும். இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள்.

தூரில் வாழைச் சருகைப் பரப்புங்கள். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

தவிர்க்கக் கூடாத வேலை கவாத்து. புதுத்தளிரின் நுனியில்தான் மொட்டு கட்டும். நுனி இருக்கும்வரை அது கீழ்க்கணுக்களை அடக்கியே வைத்திருக்கும். தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேல் வெட்டுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவாவிட்டால் நுனிக்கருகல் இறங்கும். பூவுக்கு ஏறத்தாழ 45 நாள் ஆகும். கார்த்திகையில் வெட்டினால் தையில் பறிக்கலாம்.