குளத்தில் விட்ட குஞ்சுகள் பிழைப்பதற்கு

பாடாங் செராய் வட்டாரத்தைப் போன்ற ரப்பர் நிலப்பகுதிகளில், பள்ளங்களில் நீர் தேங்கிக் குளமாகவும் குட்டையாகவும் நிற்பதைக் காணலாம். அவற்றில் திலாப்பியா, லம்பாம் ஜாவா, புல் கெண்டை முதலிய மீன் குஞ்சுகளை வளர்த்தால் குடும்பத்திற்குச் சத்துணவும் சிறு வருவாயும் கிட்டும். ஆயினும், நூறு குஞ்சுகளை விட்டவர் சில மாதங்கள் கழித்து வலை வீசும்போது பத்து மீன்கூட அகப்படாமல் மனம் நோவதுண்டு. விதியை நொந்து பயனில்லை. பெரும்பாலும் குறை நீரிலேதான் இருக்கிறது.

மீனும் பிராணவாயுவைச் சுவாசித்தே வாழ்கிறது. நீர் சூடேறச் சூடேற, அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும். நம் நாட்டு வெப்பமான 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கரையும். 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தால் மீன்கள் நலமாக வளரும். 2 அல்லது 3 மில்லிகிராமுக்கு இறங்கினால் பல இனங்கள் திணறும்.

நீர்ப்பாசியும் செடிகளும் பகலில் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அவையும் அதனை உட்கொள்கின்றன. ஆகவே, அது மிகவும் குறைந்து நிற்கும் நேரம் விடியற்காலை. பால்மரம் சீவச் செல்லும் பாட்டாளிகள் குளத்தைக் கடக்கும் நேரமும் அதுவே. அப்பொழுது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றால், அஃது அபாய அறிகுறி. உடனே தீனியையும் உரத்தையும் நிறுத்திப் புதுநீர் பாயச் செய்தல் வேண்டும்.

பெரிய ஏரிகளுக்கும் இவ்விதி பொருந்தும். முடா நீர்ப்பாசனத் திட்டத்திற்காகக் கெடாவில் எழுப்பப்பட்ட பெடு, முடா அணைகளைப் போன்ற நீர்த்தேக்கங்களில், மூழ்கிய காட்டுமரங்கள் அழுகும்போது அடிநீரின் பிராணவாயு செலவாகிவிடும்.

அடுத்தது மண். மறுநடவின்போது வெறுமையாகக் கிடக்கும் சரிவுகளிலிருந்து மழைநீர் சேற்றை அடித்து வருகிறது. கலங்கிய நீரில் வெயில் இறங்காது. குஞ்சுகளின் செவுள்களும் அடைபடும். கரைகளில் புல்லும் சரிவுகளில் மூடுபயிரும் வளர்ப்பது இதனைத் தடுக்கும். புளிப்பு மண்ணில் தேங்கிய நீருக்கு, குஞ்சு விடுவதற்கு முன்பே சுண்ணாம்பு இடுதல் நலம்.

ரப்பர் பாலை உறையாமல் காக்கும் அம்மோனியாவும், உறையச் செய்யும் பார்மிக் அமிலமும் மீனுக்குத் தீங்கு செய்பவை. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1978-ஆம் ஆண்டில் ரப்பர் ஆலைக் கழிவுநீருக்கெனத் தனி விதிகள் இயற்றப்பட்டன. ஆலைகள் விதியைக் காப்பது போலவே, நாமும் பால் வாளியையும் களைக்கொல்லித் தெளிப்பானையும் குளத்தில் கழுவலாகாது.

குஞ்சுகளுக்குப் பகைவரும் உண்டு. விரால் மீன் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆகையால் பிற மீன்கள் மடியும் நீரிலும் அது பிழைத்திருந்து குஞ்சுகளை விழுங்கும். குளத்தை வற்றவைத்து அதனை அகற்றிய பின்பே குஞ்சுகளை விடவேண்டும். அவையும் விரலளவு வளர்ந்தவையாக இருப்பது நன்று. தூபா வேரை இடித்துக் கரைத்து மீன் பிடிக்கும் வழக்கமோ இன்னும் கொடியது. நீரில் பிராணவாயு இருந்தும் மீனின் உடல் அதனைப் பயன்படுத்த முடியாதபடி அந்நஞ்சு செய்துவிடுகிறது. பெரிய மீனுக்கு ஆசைப்பட்டு வருங்காலக் குஞ்சுகளையும் அழிப்பதே அதன் பலன்.

இறுதியாக, வாங்கிவந்த குஞ்சுகளைச் சட்டெனக் கொட்டிவிடலாகாது. காலையிலோ மாலையிலோ, பையைப் பிரிக்காமல் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் குளத்தில் மிதக்கவிடுக. பின்னர்க் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையினுள் சேர்த்து, குஞ்சுகள் தாமே நீந்தி வெளியேற விடுக.

குஞ்சுக்குச் செலவிடும் பணம் சில வெள்ளிகளே. அதனை இழப்பதும் பெருக்குவதும், குஞ்சு விடுவதற்கு முன் நாம் நீரைக் கவனிப்பதைப் பொறுத்தது.