முதலில் டின், பிறகு விண்

பல்கலைக்கழக மாணவர்கள் சிறு செயற்கைக்கோள் வடிவமைக்கும் போட்டி என்று செய்தி வந்தால், ‘எப்போது ஏவப் போகிறார்கள்?’ என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கிறது. ஏவினால் சாதனை, ஏவாவிட்டால் விளையாட்டு. இந்த அளவுகோல் பிசகானது. அதற்கான சான்று 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து கிளம்பிய ரோகோட் ராக்கெட்டிலேயே இருக்கிறது. உலகின் முதல் கியூப்சாட்டுகள் அதில்தான் போயின, மொத்தம் ஆறு. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோ என்ற கனசதுர அளவை 1999இல் கலிபோர்னியாவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் டுவிக்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் வகுத்திருந்தார்கள். ஒரு மாணவர் படித்து முடிப்பதற்குள் கட்டி முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்த ஆறில் கனடாவின் கான்எக்ஸ்-1, டென்மார்க்கின் டிடியூசாட் இரண்டிலிருந்தும் கடைசிவரை ஒரு சமிக்ஞைகூட வரவில்லை. இன்னொரு டேனிஷ் செயற்கைக்கோள் பேட்டரிக் கோளாறால் சில மாதங்களில் அடங்கியது. தோக்கியோ பல்கலைக்கழகத்தின் எக்ஸ்ஐ-4, தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் கியூட்-1 இரண்டும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தன. இவ்விரு ஜப்பானிய ஆய்வுக்கூடங்களும் அதற்கு முன் என்ன செய்திருந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 350 மில்லி குளிர்பான டின்னுக்குள் அடங்கும் மாதிரிச் செயற்கைக்கோள்களைச் செய்து, 1999 முதல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்துக்குக் கொண்டுபோய், தன்னார்வலர்களின் ராக்கெட்டில் ஏற்றி, பாராசூட்டில் கீழே விழவிட்டிருந்தன. அந்த டின் யோசனையும் டுவிக்ஸுடையதுதான்.

ஆறே ஆறு செயற்கைக்கோளை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது என்று யாரும் சொல்லலாம், நியாயம்தான். அதே ராக்கெட்டில் போன ஸ்டான்ஃபோர்டின் குவேக்சாட்டும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பிற்பாடு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்வார்ட்அவுட் முதல் நூறு கியூப்சாட்டுகளின் கதியைத் தொகுத்துப் பார்த்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை. பல்கலைக்கழகங்கள் கட்டியவற்றில் ஏறக்குறையப் பாதி தோற்றிருந்தன, பல முதல் தொடர்பே கிடைக்காமல். அவர் காட்டும் முக்கியக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. தனித்தனிப் பாகங்களைச் சோதித்தவர்கள், எல்லாவற்றையும் பூட்டிய பிறகு முழுச் செயற்கைக்கோளையும் போதுமான நாள் ஓட்டிப் பார்க்கவில்லை. ஏவும் தேதி நெருங்க நெருங்க முதலில் வெட்டப்படுவது சோதனை நாள்கள்தான். இப்படிப்பட்ட டின் அளவுச் செயற்கைக்கோள் போட்டி கற்றுத்தருவது இந்த ஒரே பாடத்தை: பேட்டரி, உணரி, வானொலி, மென்பொருள், பாராசூட் எல்லாம் ஒரே நாளில், ஒரே விழுகையில், சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். தோற்றால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம். விண்ணில் தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாது, ஏன் தோற்றோம் என்பதுகூட.

மலேசியாவின் செயற்கைக்கோள் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2000இல் ஏவப்பட்ட தியுங்சாட்-1 இங்கிலாந்தின் சர்ரே நிறுவனத்தோடு சேர்ந்து கட்டப்பட்டது. 2009 ஜூலையில் ஃபால்கன்-1 ராக்கெட்டில் போன ராசாக்சாட், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றி நம் தலைக்குமேல் நாளுக்குப் பலமுறை கடக்கும்படி அருமையாகத் திட்டமிடப்பட்டது. ஓராண்டு அளவில் செயலிழந்தது. யூஐடிஎம் பல்கலைக்கழக மாணவர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில், பூட்டான், பிலிப்பைன்ஸ் மாணவர்களோடு சேர்ந்து கட்டிய யூஐடிஎம்சாட்-1, 2018 ஆகஸ்ட் 10 அன்று அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. மூன்றும் மதிக்கத்தக்க வேலைகள். ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கை மாறிப் போகும் மாணவர் வரிசை ஒன்று உருவாகவில்லை. மலேசிய மாணவர்களுக்கான சிஸ்வாசாட் என்ற போட்டி அந்த வரிசைக்கான நாற்றங்கால். டின் அளவில் செய்யச் சொல்வதால்தான் அது மதிப்புள்ளது. அதைக் கியூப்சாட் போட்டியாக உயர்த்த வேண்டும் என்ற குரலை நான் ஏற்கவில்லை. கூட்ட வேண்டியது டின்னுக்குக் கொடுக்கும் கேள்வியின் தரம்.

அப்படி ஒரு கேள்வி கெடாவின் தஞ்சோங் டாவாயில் தினமும் எழுகிறது. மெர்போக் ஆறு கடலில் சேரும் இந்த மீன்பிடி ஊரில் நெத்திலி காயப்போடுபவர்களுக்கு மாலை மழை வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பது காசு விஷயம். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காலை வெயிலில் நிலம் சூடேற, கடல்காற்று உள்ளே புக, 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை ஒரு பக்கம் தடுத்து நிற்க, பிற்பகலில் இடிமேகம் திரள்கிறது. காற்றின் மேலடுக்குகளை அளக்கும் வானிலை பலூன் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், பினாங்கின் பாயான் லெப்பாசில் ஏறுகிறது. அதன் நேரம் உலகம் முழுக்க ஒரே ஒழுங்கில் அமைந்தது; நமக்கு அது காலை 8 மணியையும் இரவு 8 மணியையும் ஒட்டி வருகிறது. மேகம் திரளும் பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை நேரடி அளவீடு இல்லாத இடைவெளி. அந்த நேரத்தில் முகத்துவாரத்தின் மேல் ஒரு கிலோமீட்டரிலிருந்து ஒரு டின், நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறங்கினால் 125 நொடி கிடைக்கும். நொடிக்கு ஒரு முறை வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் என்றால் எட்டு மீட்டருக்கு ஒரு வரி. பாடநூல் சராசரிப்படி கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறைய வேண்டும். எங்கே குறையவில்லை, எந்த உயரத்தில் ஈரப்பதம் சட்டென்று மாறுகிறது என்பதில்தான் கடல்காற்றின் மேல்விளிம்பு தெரியும்.

கேட்க எளிது, செய்யும்போது ஒவ்வொரு வரியும் சண்டை பிடிக்கும். வானொலிப் பலகையின் சூடு டின்னுக்குள்ளேயே தேங்கி வெப்பநிலையை ஏற்றிக் காட்டும்; உணரியைக் காற்றோட்டத்தில் வைத்தாக வேண்டும். ஈரப்பத உணரி மாற்றத்தை உணர ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதற்குள் டின் எட்டுப் பத்து மீட்டர் இறங்கிவிடும். ராக்கெட் உந்தும் கணத்தில் பேட்டரி தொடும் ஸ்பிரிங் விலகினால் கணினி மறுபடி தொடங்கும். அப்போது ‘நான் இன்னும் தரையில் இருக்கிறேன்’ என்று அது நினைத்துக்கொண்டால் பாராசூட் விரியாது. ஆன்டெனா பாராசூட் கயிற்றில் சிக்கலாம். விண்ணில் போகும் கோடிக்கணக்கான ரிங்கிட் செயற்கைக்கோளும் தோற்பது பெரும்பாலும் இந்த வகைச் சில்லறைச் சிக்கல்களால்தான்.

இது பொம்மை வேலை, வானிலைப் பலூனின் ஏழைத் தம்பி என்பார்கள். தம்பிதான், ஆனால் பலூன் வராத நேரத்தில் வருகிறான். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் பத்து மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகப் படம் தரும்போது மாணவர் எதற்கு மெனக்கெட வேண்டும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. மெர்போக் சதுப்புக் காட்டின் பரப்பை அளக்க என்றால் அந்த மறுப்பை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மாணவர் கியூப்சாட் வேண்டாம். 10 சென்டிமீட்டர் பெட்டிக்குள் நுழையும் வில்லை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒளியின் இயற்பியல் அதை இரண்டு, மூன்று மீட்டரில் நிறுத்திவிடும்; மாணவர் கேமராக்கள் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியை அனுபவித்த கோலா மூடா கரைக்கு இந்தச் சிறு செயற்கைக்கோள்கள் எச்சரிக்கை தரும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். தாழ்வட்டத்தில் சுற்றும் ஒரு தனிச் செயற்கைக்கோள் மீண்டும் தலைக்குமேல் வரப் பல மணி நேரம் ஆகலாம். படத்தில் தெரியாத, தாமதம் தாங்கக்கூடிய அளவுகளே சிறியவற்றுக்கு ஏற்றவை. தொலைபேசி அலை எட்டாத படகிலிருந்து நீரின் உப்பளவை வாங்கி வைத்து, பிறகு தரை நிலையத்துக்குக் கொடுப்பது அப்படி ஒன்று. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் கட்டி 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி-சி12இல் போன அனுசாட் சோதித்ததும் இந்த வாங்கிக் கொடுக்கும் முறையைத்தான்.

அனுமதி இன்னொரு தடை. பட்டர்வொர்த் விமானப்படைத் தளமும் பினாங்கு விமான நிலையமும் பக்கத்தில் இருக்க, ஒரு கிலோமீட்டர் உயரம் எளிதில் கிடைக்காது. முந்நூறு மீட்டர் கிடைத்தாலும் கடல்காற்றின் கீழடுக்கைப் பார்க்கலாம். விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தொடர்பு ஆணையத்துக்கும் எழுதும் விண்ணப்பங்களையும் போட்டியின் பகுதியாகவே வைக்கலாம். விண்ணுக்குப் போகும் எந்தக் குழுவும் அலைவரிசைக்கு இதே படிகளை ஏறித்தான் ஆக வேண்டும்.

கடைசித் தடை நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. செயற்கைக்கோள் கட்டிய யூஐடிஎம்மின் கெடா வளாகம் மெர்போக்கிலேயே, தஞ்சோங் டாவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதன் சேர்க்கை பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. தோட்டப்புறத்திலிருந்து வந்து பீடோங் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலோ கூலிம் பொலிடெக்னிக்கிலோ படிக்கும் பிள்ளைக்கு, கல்லூரிப் பெயரைப் பார்க்காத திறந்த போட்டிதான் நுழைவாசல். அங்கும் பங்கு எப்படித் தரப்படுகிறது என்பது முக்கியம். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா 750 மாணவியரைச் சேர்த்துச் செய்த ஆசாதிசாட், 2022 ஆகஸ்டில் ராக்கெட் கோளாறால் சரியான சுற்றுப்பாதைக்குப் போகவில்லை; அதன் மறு பதிப்பு 2023 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தது. முதல் ஆசாதிசாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் பங்காகச் சுமார் 50 கிராம் கருவி ஒன்று கிடைத்தது. உற்சாகம் பெரிது, முழு இயந்திரத்தின் பொறுப்பு எந்தப் பள்ளியிடமும் இல்லை. சில நூறு ரிங்கிட் பொருளில் செய்யும் டின்னில் குழுவில் உள்ள எல்லோருக்கும் முழுப் பொறுப்பு உண்டு. எனவே விதிகளில் இரண்டைச் சேர்க்கலாம்: மதிப்பெண்ணில் பாதி சோதனைக் குறிப்பேட்டுக்கு, வென்ற குழுவின் பலகை, மென்பொருள், தோல்விப் பட்டியல் எல்லாம் அடுத்த ஆண்டு எந்தக் கல்லூரியிலிருந்து வரும் புதுக் குழுவுக்கும் கையில் கொடுக்கப்பட வேண்டும்.