பள்ளத்தாக்கில் ஓர் ஊர்

பிரித்தானியத் தீவின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள நாடு வேல்ஸ். அதன் தெற்கே, மலைகளுக்கு இடையில் நீண்ட, குறுகிய பள்ளத்தாக்குகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றான ரோண்டாப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர் ட்ரியோர்க்கி. வேல்ஷ் மொழியில் ‘ட்ரெ’ என்றால் ஊர். ‘ஓர்க்கி’ என்பது அங்குப் பாயும் சிற்றாற்றின் பெயர். ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று.

ஊர் தோன்றிய கதை

1851ஆம் ஆண்டில் ரோண்டாப் பகுதி முழுவதிலும் இரண்டாயிரம் பேர்கூட வாழவில்லை. ஆடு மேய்ப்பதே மக்களின் தொழிலாக இருந்தது. மலையடியில் உயர்ந்த வகை நிலக்கரி கிடைப்பது தெரிந்ததும் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. வேலை தேடிப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். 1911ஆம் ஆண்டில் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைக் கடந்தது. சமநிலம் குறைவாக இருந்ததால், மலைச்சரிவை ஒட்டி ஒன்றோடொன்று சுவர் சேர்ந்த கல் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவ்வரிசைகளை இன்றும் காணலாம்.

ஒரு பென்னியின் ஆற்றல்

சுரங்க வேலை கடினமானது, உயிருக்கு ஆபத்தானது. ஆயினும் தொழிலாளர்கள் கூலியை மட்டும் எண்ணி வாழவில்லை. தங்களுக்கு நூலகமும் அரங்கும் வேண்டும் என விரும்பினர். பார்க், டேர் என்னும் இரு சுரங்கங்களின் தொழிலாளர்கள், தாம் ஈட்டிய ஒவ்வொரு பவுண்டிலிருந்தும் ஒரு பென்னியை அதற்காக அளித்தனர். அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னிகள். எனவே, ஒருவர் கொடுத்தது மிகச் சிறு தொகையே. பலர் சேர்ந்து கொடுத்தபோது அது பெருந்தொகையாயிற்று. ‘பார்க் அண்ட் டேர்’ என்று அச்சுரங்கங்களின் பெயரையே தாங்கிய கட்டடம் உருவாயிற்று. பகலில் நிலத்துக்கு அடியில் உழைத்தவர்கள், மாலையில் அங்கு நாளிதழ் படித்தனர், இசை கேட்டனர், நாட்டு நடப்பை விவாதித்தனர்.

இத்தகைய கூட்டு முயற்சி மருத்துவத்திலும் இருந்தது. ட்ரெடிகார் என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு ஊரில், தொழிலாளர்கள் சந்தா செலுத்தி மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். அவ்வூரில் பிறந்த அனியூரின் பெவன் பின்னர் அமைச்சரானார். 1948ஆம் ஆண்டில் பிரித்தானிய மக்கள் அனைவருக்குமான தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கி வைத்தவர் அவரே.

பாட்டும் தேநீரும்

ட்ரியோர்க்கியின் ஆண்கள் பாடற்குழு புகழ் பெற்றது. 1895ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பாடகர்கள் விக்டோரியா அரசியின் முன்னிலையில் பாடினர். பாடற்குழு மரபு அங்கு இன்றும் தொடர்கிறது.

இப்பள்ளத்தாக்குகளுக்கு இத்தாலியிலிருந்தும் மக்கள் வந்தனர். அவர்களுள் பலர் பார்தி என்னும் மலையூரைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தேநீரும் பனிக்கூழும் விற்கும் சிற்றுண்டிக் கடைகளைத் திறந்தனர். குளிருக்கு ஒதுங்கவும் நண்பர்களுடன் உரையாடவும் உகந்த இடங்களாக அவை விளங்கின. பிழைக்க வந்தவர்களின் கடைகள் உள்ளூர் வாழ்வின் ஒரு பகுதியாயின.

சுரங்கம் மூடியபின்

காலப்போக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ரோண்டாவின் கடைசிச் சுரங்கமான மேர்டி 1990ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஓர் ஊரை உருவாக்கிய தொழிலே மறைந்தால் அவ்வூர் என்னாகும்? பலர் வேலை தேடி வெளியேறினர். எஞ்சியோருள் பலர் தொடர்வண்டியில் தலைநகர் கார்டிஃபுக்குச் சென்று பணிபுரிந்து திரும்புகின்றனர்.

ஆயினும் ட்ரியோர்க்கி வெறிச்சோடிவிடவில்லை. இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை, பூக்கடை எனப் பிரதான வீதியில் உள்ள கடைகளுள் பெரும்பாலானவை உள்ளூர் மக்கள் நடத்துபவை. கடைக்காரர்கள் ஒன்றுகூடித் திட்டமிட்டு வீதிக்குப் பொலிவூட்டினர். 2019ஆம் ஆண்டுக்கான போட்டியில் பிரித்தானியாவின் சிறந்த பிரதான வீதி என்னும் விருதை அவ்வீதி பெற்றது. தொழிலாளர்கள் காசு சேர்த்துக் கட்டிய அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

மீளும் மொழி

1911ஆம் ஆண்டில் வேல்ஸ் மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர் வேல்ஷ் மொழி பேசினர். 2021ஆம் ஆண்டில் அது 18 பேருக்கும் குறைவாயிற்று. பல வீடுகளில் பெற்றோர், ஆங்கிலமே பிள்ளைகளுக்கு வேலை தரும் எனக் கருதினர். அதனால் தாத்தா பேசிய மொழி பேரனுக்குப் புரியாமற் போயிற்று.

இன்று நிலைமையை மாற்ற முயற்சி நடக்கிறது. வேல்ஸ் பள்ளிகளில் வேல்ஷ் மொழி கட்டாயப் பாடம். அனைத்துப் பாடங்களையும் அம்மொழியிலேயே கற்பிக்கும் பள்ளிகளும் ரோண்டாவில் உள்ளன. சாலைப் பலகைகளில் இரு மொழிகளும் இடம்பெறுகின்றன. ‘மெதுவாகச் செல்க’ எனப் பொருள்படும் ‘அரவ்’ என்னும் வேல்ஷ் சொல் சாலையிலேயே தீட்டப்பட்டிருக்கிறது. 2050ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் பேர் வேல்ஷ் பேச வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் இலக்கு. வீட்டில் வேல்ஷ் பேசாத பெற்றோரும் தம் பிள்ளைகளை அப்பள்ளிகளில் சேர்க்கின்றனர். பள்ளியில் கற்ற சொற்களைப் பிள்ளைகள் வீட்டிற்குக் கொண்டுவந்து பெற்றோருக்குக் கற்றுத் தருகின்றனர்.

சிந்தித்து விடை எழுதுக

1. தொழிலாளர்கள் தங்களுக்கான அரங்கை எவ்வாறு கட்டினர்?
2. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் ட்ரியோர்க்கி உயிர்ப்புடன் இருப்பதற்குக் காரணங்கள் யாவை?
3. உம் தாத்தா அல்லது பாட்டியிடம் கேட்டு, உமக்குப் புதிதான ஐந்து தமிழ்ச் சொற்களைப் பொருளுடன் எழுதுக.